முதல் படத்துக்கு ரீரெக்கார்டிங்: லாக் ஆன ரீலிலிருந்து ஸ்டெம் ஒப்படைப்பு வரை

பாட்டு போடுவதும் பின்னணி இசை போடுவதும் ஒரே வேலை என்று நினைத்து வருகிறவர்கள்தான் முதல் படத்தில் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். பாட்டில் மெட்டு முதலில் வரும், அதற்கேற்பப் படம் பிடிப்பார்கள். ரீரெக்கார்டிங்கில், அதாவது பின்னணி இசையில், படம் முடிந்து வரும், அதன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டும். மெட்டு வராமல் வேலை நின்றுபோவது அபூர்வம். லாக் ஆகாத (இனி மாறாது என்று முடிவாகாத) கட், தப்பான வேகத்தில் வந்த வீடியோ, முன்கூட்டிச் சொல்லாத ஸ்ருதி, எழுதி வாங்காத ஒப்பந்தம் ஆகியவற்றில்தான் வாரக்கணக்கில் உழைப்பு வீணாகிறது. அதனால் எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதையே இங்கே அதிகம் சொல்கிறோம். குறும்படமானாலும் முழுநீளப் படமானாலும் வரிசை ஒன்றுதான்.

1. கீபோர்டில் கை வைக்கும் முன்: ஒப்பந்தம்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேலை பாதியில் இருக்கும்போது பேசத் தொடங்கினால், பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

ஒரு பக்கமே போதும். எத்தனை நிமிட இசை, எத்தனை முறை திருத்தம், வாத்தியக் கலைஞர்களின் சம்பளமும் ஸ்டுடியோ வாடகையும் யார் பொறுப்பு, பணம் எந்தெந்தக் கட்டத்தில் வரும், டைட்டிலில் பெயர் எப்படி வரும் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். "மொத்தமா இவ்வளவு" என்று பேசி ஒத்துக்கொண்டால் வயலின்காரர்களின் சம்பளமும் உங்கள் தலையில் விழும். ஆரம்பத்தில் ஒரு பங்கு, டெமோ ஓகே ஆனதும் ஒரு பங்கு, ஸ்டெம் (வாத்திய வகை வாரியாகப் பிரித்த இசை ஃபைல்கள்) கொடுக்கும்போது மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் போன பிறகு வர வேண்டிய பணம் என்று எதையும் விட்டுவைக்காதீர்கள்.

திருத்தத்தின் எண்ணிக்கையோடு, படம் லாக் ஆன பிறகு கட் மாறினால் அதற்குத் தனிக் கட்டணம் என்ற வரியையும் சேருங்கள். அந்த வரி இருந்தாலே கட் மாறுவது பாதியாகக் குறையும்.

உரிமை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர மற்ற வழிகளில் இசை பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை நீங்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுகளுக்கும், வசூலித்துப் பங்கிடுவதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே ஒப்படைக்கலாம். ஆகவே இசைக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராவதை முதல் படத்திலேயே செய்துவிடுங்கள்.

2. எடிட்டரிடம் வாங்க வேண்டியவை

முதலில் லாக் ஆன படம். "முடிஞ்சிடுச்சு, ரெண்டு சீன் மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணணும்" என்றால் அது லாக் இல்லை. அந்த நிலையில் தீம் (படம் முழுக்கத் திரும்ப வரும் மெட்டு) எழுதலாம், வாத்தியம் தேர்வு செய்யலாம். காட்சிக்குப் பொருத்தி இசை எழுதத் தொடங்கக் கூடாது.

முழுநீளப் படம் என்றால் 20 நிமிடத்துக்கு மேல் போகாத ரீல்களாகக் கேளுங்கள். முதல் ரீலின் படம் 01:00:00:00 டைம்கோடிலும் (மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம்), இரண்டாவது 02:00:00:00இலும் தொடங்கட்டும். எண்ணைப் பார்த்ததும் எந்த ரீல் என்று தெரியும், கட் மாறினால் பாதிப்பும் ஒரு ரீலோடு நிற்கும். படத்தின் மேலேயே டைம்கோட் ஓட வேண்டும். முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் 'பிப்' சத்தமும் வேண்டும். பின்னால் தியேட்டர் மிக்ஸிங்கில் உங்கள் இசை அரை ஃபிரேம் நகர்ந்திருந்தாலும் இந்தப் பிப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஒலியைத் தனித்தனியாகக் கேளுங்கள். வசனம் ஒரு ஃபைல், எஃபெக்ட்ஸ் ஒரு ஃபைல், எடிட்டர் தற்காலிகமாகப் போட்டு வைத்த டெம்ப் இசை ஒரு ஃபைல். எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தால் டெம்ப் இசையை அணைக்கவே முடியாது. அதைக் கேட்டுக்கொண்டே எழுதினால், வேறொருவருடைய மெட்டின் சாயல் உங்களுக்கே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வீடியோ 720பி அளவில், ப்ரோரெஸ் ப்ராக்ஸி போன்ற எடிட்டிங் வடிவத்தில் இருந்தால் போதும். 4கே ஃபைலை ஏற்றினால் கணினியின் சக்தியெல்லாம் படத்துக்கே போய்விடும், உங்கள் ஸ்ட்ரிங்ஸ் விக்கும்.

3. செஷன் அமைப்பு: பத்து நிமிட வேலை, பல நாள் நிம்மதி

செஷனின் (இசை மென்பொருளில் திறக்கும் வேலை ஃபைலின்) சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாடல் வேலை செய்து பழகியவர்கள் பழக்கத்தில் 44.1இல் திறந்துவிடுவார்கள். 44.1இல் செய்த ஃபைலை மாற்றாமல் 48இல் ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடும், ஸ்ருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறிவிடும்.

ஃபிரேம் ரேட்டை எடிட்டரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். திரையரங்குப் படம் பொதுவாக 24. ஆனால் குறும்படங்களைக் கேமரா அமைப்பைப் பொறுத்து 23.976இலோ 25இலோ எடுத்திருப்பார்கள். 24க்கும் 23.976க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 20 நிமிட ரீலின் கடைசியில் அது 1.2 நொடி, அதாவது ஏறத்தாழ 29 ஃபிரேம். கன்னத்தில் அறை விழுந்து ஒரு நொடி கழித்து இசையின் அடி விழுந்தால் தியேட்டரே சிரிக்கும். முதல் பத்து நொடியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும் என்பதால், ரீலின் கடைசிக் காட்சிக்குப் போய் வாயசைவையும் டைம்கோடையும் சரிபாருங்கள்.

பெயர் வைக்கும் முறையை இப்போதே முடிவு செய்யுங்கள். ரீல் எண், நடுவில் 'எம்', பிறகு க்யூ (ஒரு காட்சிக்கான தனி இசைத் துண்டு) எண். இரண்டாவது ரீலின் மூன்றாவது இசை 2எம்3. அதன் பின்னால் வி1, வி2 என்று திருத்த எண். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் ஓகே' என்று பெயர் வைத்த செஷன்களில் தப்பான ஃபைல் மிக்ஸிங்குக்குப் போகும். அது போனது ரிலீஸுக்குப் பிறகுதான் தெரியவரும்.

4. ஸ்பாட்டிங்: எங்கே இசை, எங்கே மௌனம்

இயக்குநர், எடிட்டர், முடிந்தால் சவுண்ட் டிசைனர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சவுண்ட் டிசைனர் இருப்பது முக்கியம். மழைக் காட்சியில் அவர் இடியும் தகரக் கூரைச் சத்தமுமாக நிரப்பப் போகிறார் என்று தெரியாமல் நீங்கள் அங்கே தபேலா வைத்தால், மிக்ஸிங்கில் ஒன்று போயே ஆக வேண்டும். பெரும்பாலும் போவது இசைதான்.

ஒவ்வொரு க்யூவுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஏன் இங்கே இசை, யாருடைய மனநிலையிலிருந்து. மூன்றாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு இசை தேவையில்லை. நான்காவதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அப்பா மகளைத் திட்டும் காட்சியில், இசை அப்பாவின் கோபத்தைச் சொல்கிறதா, மகளின் பயத்தைச் சொல்கிறதா? இரண்டும் வேறு வேறு இசை.

"சோகமா வேணும்", "மாஸா வேணும்" என்று இயக்குநர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "பார்க்கிறவங்க இந்த இடத்துல என்ன நினைக்கணும் சார்?" என்று கேளுங்கள். வாத்தியத்தின் பெயரையும் ராகத்தின் பெயரையும் அவரிடமிருந்து வாங்குவதைவிட இந்தப் பதில் நூறு மடங்கு உதவும்.

கடைசியில் எல்லா நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். வாத்தியக் கோர்ப்போடு, இயக்குநருக்குக் காட்டக்கூடிய நிலையில், ஒரு நாளைக்கு 2 நிமிட இசை என்று வைத்துக்கொள்வது புதியவருக்கு நியாயமான கணக்கு. 50 நிமிட இசை என்றால் 25 வேலை நாள், திருத்தம் தனி. இந்தக் கணக்கை அன்றே தயாரிப்புத் தரப்பிடம் சொல்லிவிடுங்கள்.

5. தீம்: இரண்டு போதும், மூன்று அதிகபட்சம்

காட்சிக்குக் காட்சி புது மெட்டு போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எதுவும் மனதில் நிற்காமல் படம் முடிந்துவிடும். நான்கிலிருந்து ஆறு ஸ்வரத்தில் ஒரு தீமை எடுத்து, வெறும் பியானோவில் இயக்குநருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்ட்ரிங்ஸும் ரிவெர்பும் சேர்த்துக் காட்டினால் அவர் ஓகே சொல்வது சத்தத்துக்கு. மெட்டு தாங்குமா என்பது தெரியாமலே போய்விடும்.

தீம் தாங்குமா என்று சோதிக்க நல்ல வழி, அதை உருமாற்றிப் பார்ப்பது. மோகனத்தில் (ச ரி2 க3 ப த2) போட்ட ஒரு மெட்டில் அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கினால் அது சிவரஞ்சனி. ஒரே ஒரு ஸ்வரம் மாறியதும் சிறுவயதுக் காட்சியின் மெட்டு, அதே ஆள் தனியாகி நிற்கும் காட்சிக்கு வந்துவிடும். கேட்பவருக்கு ராகப் பெயர் தெரியாவிட்டாலும் எங்கேயோ கேட்ட மெட்டு என்பது மனதில் படும். இப்படி மாற்றும்போது எந்த ஸ்வரமும் முறுக்கிக்கொள்ளாமல் வந்தால் தீம் உறுதியானது.

வாத்தியத் தேர்வில் பழைய முத்திரைகளைக் கவனியுங்கள். வடக்கே கல்யாணத்தில் ஊதும் ஷெனாய், தமிழ் சினிமாவில் சோகத்தின் அடையாளமாகிவிட்டது. நீங்கள் மங்கலமாக நினைத்து வைத்தாலும் பார்வையாளர் யாரோ சாகப் போகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

படத்தில் பாடல்கள் இருந்தால், ஒவ்வொன்றின் ஸ்ருதியையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டுக்கு முந்தைய க்யூ வேறு ஸ்ருதியில் முடிந்தால், பாட்டு தொடங்கும் இடத்தில் ஏதோ இடறும்.

6. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு டெம்போ கணக்கு

அம்மா மகனை வெளியூர் பஸ் ஏற்றி விடுகிறாள். இதுதான் 2எம்3. 02:07:21:00இல் அவன் சட்டைப் பையில் சுருட்டிய பணத்தைத் திணிக்கிறாள், அங்கே இசை தொடங்குகிறது. 02:07:40:00இல் கண்டக்டர் விசில். 02:07:59:12இல் பஸ் திரும்பி, அவள் ஜன்னலிலிருந்து மறைகிறாள். அந்த இடத்தில் தீமின் முதல் ஸ்வரம் சரியாக விழ வேண்டும்.

தொடக்கத்திலிருந்து பஸ் திரும்பும் வரை 38 நொடி 12 ஃபிரேம், 24 ஃபிரேம் கணக்கில் 38.5 நொடி. பீட் எண்ணிக்கை தெரிய, டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதை) நொடியால் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். மனதுக்குப் படும் வேகம் 72 என்றால் 46.2 பீட் வருகிறது. நாலு பீட் பாரில் இது எங்கேயும் முடியாத எண். பக்கத்தில் இருக்கும், நாலால் வகுபடும் எண் 48, அதாவது 12 பார். 48ஐ 60ஆல் பெருக்கி 38.5ஆல் வகுத்தால் 74.8. டெம்போவை 74.8 என்று வைத்தால் 13ஆவது பாரின் முதல் பீட் சரியாகப் பஸ் திரும்பும் ஃபிரேமில் விழும். பிழை ஒரு ஃபிரேமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 72க்கும் 74.8க்கும் உள்ள வேகமாற்றமும் யார் காதுக்கும் உறுத்தாது.

பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முதலில் 72இல் வாசித்துவிட்டு, கடைசிப் பாரை வெட்டியோ இழுத்தோ படத்தோடு ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு எப்போதும் காதில் விழும். கணக்கை முதலில் போட்டு, க்ளிக்கை (டெம்போவைத் தட்டும் 'டிக்' சத்தத்தை) மட்டும் ஓடவிட்டுக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். க்ளிக்கோடு காட்சி மூச்சுவிடுகிறது என்று தோன்றிய பிறகு வாசியுங்கள்.

இனி விசில். தொடக்கத்திலிருந்து 19ஆவது நொடி, 74.8இல் அது 6ஆவது பாரின் நாலாவது பீட்டுக்குள் வருகிறது. அந்தப் பாரின் கடைசி இரண்டு பீட்டைக் காலியாக விடுங்கள். விசில் தனியாகக் கேட்டு, 7ஆவது பாரில் இசை திரும்ப வரும்போது, பிரிவு உறுதியாகிவிட்டது என்பது எந்த வாத்தியமும் இல்லாமலே தெரியும். எஞ்சின் உறுமலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் நிரம்பியிருக்கும். அங்கே செல்லோவும் பேஸும் வைத்தால் இரண்டும் குழம்பும். பஸ் மறையும் வரை புல்லாங்குழலை மட்டும் நடுஸ்தாயியில் வைத்து, 13ஆவது பாரில் பேஸைக் கொண்டுவாருங்கள்.

எல்லா அசைவுக்கும் இப்படி அடி வைக்க வேண்டாம். ஒரு க்யூவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடம் போதும். நடந்தால் ஒரு சத்தம், திரும்பினால் ஒரு சத்தம் என்று தொடர்ந்தால் கார்ட்டூன் ஆகிவிடும்.

7. வசனத்துக்கு அடியில் எழுதுவது

பேச்சு புரிவதற்கு முக்கியமான பகுதி ஏறத்தாழ 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். வயலினும் நாதஸ்வரமும் பலமாக ஒலிப்பதும் இங்கேதான். வசனம் ஓடும்போது அந்தப் பகுதியில் மெட்டு நகர்ந்தால் காது இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். மிக்ஸிங்கில் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், குறைத்தால் இசை இருந்தும் இல்லாததாகிவிடும். எழுதும்போதே வசனத்துக்கு அடியில் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து வையுங்கள். மெட்டை வசனத்தின் இடைவெளிகளில் நகர்த்துங்கள்.

டப்பிங் முடியாத படத்தில், படப்பிடிப்பில் பதிவான வசனமான பைலட் டிராக்கை வைத்து வேலை செய்ய வேண்டியிருக்கும். படப்பிடிப்பு இரைச்சல் அதிலேயே இருப்பதால் உங்களை அறியாமல் இசையைத் தடிமனாக எழுதுவீர்கள். டப்பிங்கில் அதே வசனம் சுத்தமாக, பல நேரம் மென்மையாகவும் வரும். அழுத்தமான காட்சிகளின் டப்பிங்கை முதலில் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

8. காட்டுவதும் திருத்துவதும்

எப்போதும் படத்தோடு, வசனம் எஃபெக்ட்ஸ் எல்லாம் சேர்த்துக் காட்டுங்கள். வெறும் ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் ஸ்பீக்கரில் பேஸே இல்லாமல் கேட்டுவிட்டு "வெயிட் இல்லையே" என்பார்கள். முதலில் மூன்று க்யூ மட்டும் காட்டுங்கள். ஒன்று படத்தின் தொடக்கம், ஒன்று உணர்ச்சி உச்சம், ஒன்று சாதாரணக் காட்சி. இந்த மூன்றும் ஓகே ஆனால் மற்றவற்றின் மொழி கிடைத்துவிட்டது.

லாக் ஆன பிறகு கட் மாறினால், புது வீடியோவோடு எந்த டைம்கோடில் எத்தனை ஃபிரேம் கூடியது, எத்தனை குறைந்தது என்ற பட்டியலையும் கேளுங்கள். கண்ணால் தேடினால் ஒரு ரீலுக்கு அரை நாள் போகும். 74.8இல் ஒரு பீட் ஏறத்தாழ 19 ஃபிரேம். வெட்டிய அளவு 19 ஃபிரேமுக்குப் பக்கமாக இருந்தால் ஒரு பீட்டை எடுத்துவிடலாம். ஐந்தாறு ஃபிரேம் என்றால் டெம்போவைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

9. வாத்தியக் கலைஞர்களை அழைக்கும் முன்

ஓகே ஆகாத க்யூவுக்கு ஒருவரையும் அழைக்காதீர்கள். கால்ஷீட் கணக்கில் சம்பளம், உங்கள் குழப்பத்துக்கும் மீட்டர் ஓடும்.

ஸ்ருதியை முந்தின நாளே சொல்ல வேண்டும். மூங்கில் புல்லாங்குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ருதி, கலைஞர் எதைக் கொண்டுவருவது என்று தெரிந்தால்தான் எடுத்துவர முடியும். நாதஸ்வரத்தின் ஸ்ருதி வாத்தியத்திலேயே அமைந்துவிட்டது. இன்று புழங்கும் பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. நாலரைக் கட்டையில் க்யூவை முடித்துவிட்டு நாதஸ்வரக்காரரை அழைத்தால் குற்றம் அவருடையது இல்லை. அழைக்கப் போவது தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அதற்கேற்ப எழுதுங்கள்.

சென்னையில் ஸ்ட்ரிங்ஸ் வாசிப்பவர்கள் ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்து முதல் முறையிலேயே வாசிப்பார்கள். பார் எண், பவுயிங் (வில்லை இழுக்கும் முறை), சத்த அளவு எல்லாம் தாளில் இருக்கட்டும். தவில், பறை, உறுமி வாசிப்பவர்களுக்குத் தாள் உதவாது. காட்சியைப் போட்டுக் காட்டி, நடையை வாயால் சொல்லுங்கள். மூன்று நான்கு டேக் விட்டு வாசிக்கச் சொன்னால், நீங்கள் நினைத்ததைவிட நல்லதை அவர்கள் தருவார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தனி வாத்தியத்துக்கு ஆளை வையுங்கள். சாம்பிளில் (கணினியில் பதிந்து வைத்த வாத்திய ஒலியில்) நீண்ட ஸ்ட்ரிங்ஸ் ஒப்பேற்றிவிடும், கமகம் வராது.

பதிவின்போது உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம். காது முழுவதும் மூடும் ஹெட்போன் கொடுங்கள். கடைசி ஸ்வரத்துக்கு முன்பே க்ளிக்கை நிறுத்துங்கள். அமைதியாக அடங்கும் வயலினுக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று கேட்பதை எந்த மிக்ஸாலும் எடுக்க முடியாது.

10. ஸ்டெம்

தாளம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பேட், தனி வாத்தியம், குரல் என்று ஆறு அல்லது ஏழு ஸ்டெம் போதும். எல்லாம் ஒரே டைம்கோடில் தொடங்க வேண்டும், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். ஒவ்வொரு ஸ்டெம்மின் ரிவெர்பும் அதனுள்ளேயே இருக்கட்டும், அப்போதுதான் தாளத்தை மட்டும் குறைக்கும்போது அதன் எதிரொலி மட்டும் தனியாகத் தொங்காது. ரிவெர்ப் முழுக்க அடங்கும் வரை ஃபைலை வெட்டாதீர்கள்.

மாஸ்டரில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சங்களை அடக்கும் கருவி) போட்டு அழுத்தி அனுப்பாதீர்கள். சினிமா மிக்ஸிங் அறையில் மைனஸ் 20 டெசிபல் சோதனை ஒலி ஒரு ஸ்பீக்கரிலிருந்து 85 டெசிபல் வரும்படி அமைத்திருப்பார்கள். யூடியூபுக்குச் செய்வதுபோல் நசுக்கிய இசை அங்கே காதைக் குத்தும். உடனே மிக்ஸர் மொத்தமாக இறக்கிவிடுவார். 5.1இல் செய்தால் நடு ஸ்பீக்கரை வசனத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: எல்லா ஸ்டெம்மையும் புதிய செஷனில் போட்டு, உங்கள் முழு மிக்ஸைத் தலைகீழ் ஃபேஸில் சேர்த்து ஓட்டுங்கள். மௌனம் வந்தால் எதுவும் விட்டுப்போகவில்லை. ஏதாவது கேட்டால் அந்த ட்ராக் எந்த ஸ்டெம்மிலும் சேரவில்லை, அல்லது இரண்டு முறை சேர்ந்திருக்கிறது.

11. ஒப்படைக்கும் நாளில்

ஸ்டெம்மோடு க்யூ ஷீட்டையும் கொடுங்கள். க்யூ பெயர், நீளம், குரலா வாத்தியமா, பின்னணியா காட்சிக்குள் ஒலிப்பதா, இசையமைத்தவர் பெயரும் பங்கும். ராயல்டி கணக்கிட இந்தத் தாள்தான் அடிப்படை. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தப்பாகத்தான் வரும். லூப் நிறுவனங்களின் துணுக்கு ஏதாவது பயன்படுத்தியிருந்தால் அதன் உரிமச் சான்றையும் சேர்த்து வையுங்கள். அதே துணுக்கை வேறொருவரும் பயன்படுத்தியிருந்தால் டிரெய்லர் வந்த அன்றே யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும்.

செஷனை மூடும் முன் ஒவ்வொரு மிடி ட்ராக்கையும் ஆடியோவாக மாற்றி, இரண்டு தனித்தனி டிரைவில் சேமியுங்கள். படம் தெலுங்கில் டப் ஆகும்போது ஏதாவது ஒரு ரீலுக்குத் திருத்தம் கேட்பார்கள், அன்றைக்கு உங்கள் கணினியில் அந்தப் ப்ளக்-இன் திறக்காமல் போகலாம்.